பத்தொன்பது நாட்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அப்பா போய் இன்றோடு ஆறு நாட்கள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் தொண்டையிலேயே நின்றுவிடும்.

முதலில் அந்த இரவுப் பணி சிஸ்டருக்கு. புற்றுநோய் முற்றிய அப்பாவை, வலியையும் அவதியையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் நோய்த் தணிப்புப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த நாளிலிருந்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆறு மாதம் என்றார் ஒருவர். கடவுள் கையில் என்றார் இன்னொருவர். பதினைந்தாம் நாள் இரவு சிஸ்டரிடம் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திருப்பிக் கேட்டார்: "போன மாதம் அப்பா என்னவெல்லாம் செய்தார்? போன வாரம்? நேற்று?"

போன மாதம் நடந்தார். போன வாரம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். நேற்று கரண்டியில் கொடுத்த தண்ணீரை விழுங்கினார். இன்று அதுவும் இல்லை.

"மாற்றம் மாதத்துக்கு மாதம் தெரிந்தால் மாதக் கணக்கு, வாரத்துக்கு வாரம் தெரிந்தால் வாரக் கணக்கு. நாளுக்கு நாள் என்றால்..." அவர் முடிக்கவில்லை. பஞ்சுக் குச்சி ஒன்றை நனைத்து என் கையில் கொடுத்து, முதலில் கன்னத்தின் உட்புறம், பிறகு ஈறு, கடைசியில் உதடு என்று துடைக்கக் கற்றுக்கொடுத்தார். ஈரம் பட்டதும் அப்பா பஞ்சை உதட்டால் கவ்விக்கொண்டார். அதன் பிறகு நான் யாரிடமும் நாள் கேட்கவில்லை. நான்கு நாட்கள் எனக்கு வேலை இருந்தது.

வலி மருந்தான மார்ஃபின் கொடுத்தால் ஆயுள் குறையும் என்று சண்டை போட்ட என்னிடம், வலிக்கேற்ற அளவில் கொடுத்தால் குறையாது என்று மூன்று முறை விளக்கிய டாக்டர், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்த உதவியாளர்கள், இரவு மாற்றிக்கொண்ட அத்தை, சித்தப்பா, நண்பர்கள்: எல்லோருக்கும் நன்றி.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அங்கே சேர்த்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று பயந்து தள்ளிப்போட்டவன் நான்தான். பரவிய நுரையீரல் புற்றுநோய் தெரிந்தவுடனேயே நோய்த் தணிப்புச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், மற்றவர்களுடையது 8.9 மாதம் என்று 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வை இப்போதுதான் படித்தேன். அப்பாவுக்கும் அதே நோய். இனி இந்தப் பயத்தோடு யார் என்னிடம் வந்தாலும் இதைச் சொல்லாமல் அனுப்பமாட்டேன்.

பஞ்சுக் குச்சிகள் பதினொன்று மிச்சம் இருக்கின்றன. நாளை இரவு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சிஸ்டருக்கு நாளையும் இரவுப் பணிதான், விசாரித்துவிட்டேன்.