வாசகர் வட்டம் ஆண்டறிக்கை - செயலாளர் வாசிச்சது

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் தனியா படிப்பாங்க, அதனால நான் நேரா இந்த வருஷத்து சண்டைக்கு வந்துடறேன்.

அர்பன் ஃபேன்டஸிதான், அதாவது நிஜ நகரத்துல மாயம் நடக்குற கதைங்கதான், படிக்கணும்னு நாமளே கைதூக்கி முடிவு பண்ணோம். ரெண்டாவது கூட்டத்துலயே ரத்தம், சண்டை வேணும்கறவங்க ரத்த கோஷ்டி, போர்வைக்குள்ள சுருண்டு படிக்கற மாதிரி இதமான கதை வேணும்கறவங்க போர்வை கோஷ்டின்னு ரெண்டா பிரிஞ்சாச்சு (பேரு வச்சது நான் இல்ல, மினிட்ஸ்ல எழுதினது மட்டும்தான் நான்).

முதல்ல எம்மா புல் எழுதின 'வார் ஃபார் தி ஓக்ஸ்', 1987ல வந்தது. மினியாபோலிஸ்ல ராக் பேண்ட்ல பாடுற பொண்ண தேவதைக் கூட்டம் தங்களோட போருக்கு இழுத்துட்டுப் போகுது, ஏன்னா மனுஷங்க யாராவது களத்துல இருந்தாதான் சாவே இல்லாத அவங்களுக்கும் சாவு வரும். இந்த ஒரு விதிக்காகவே ரத்த கோஷ்டி புக்க தலைல வச்சு கொண்டாடுச்சு, ஆனா கடைசி மோதல் பாட்டுலயே முடிஞ்சதும் ஏமாத்திட்டாங்கன்னு ஒரே கத்தல், போர்வை கோஷ்டிக்கு அந்த பாட்டுதான் கண்ணுல தண்ணி வரவச்சுது.

பென் ஆரனோவிச்சோட 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' (2011) எடுத்தப்பதான் உண்மையான பிரச்சனை. புது கான்ஸ்டபிள் ஒருத்தன் பேய்கிட்ட சாட்சி வாக்குமூலம் வாங்குறான், பக்கத்துக்குப் பக்கம் ஜோக்கு, அதனால இது ஜாலியான புக்குன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நடுவுல ஒரு கைக்குழந்தை சாகுது. ஒரு உறுப்பினர் அந்த இடத்துலயே புக்க மூடி திருப்பிக் குடுத்துட்டாங்க, ரெண்டு மாசம் கூட்டத்துக்கே வரல. அந்த தப்பு என்னோடதுதான், நான் சிரிப்பு குரல கேட்டேனே தவிர என்ன நடக்குதுன்னு கவனிக்கல.

பதிலுக்கு அந்த உறுப்பினர் சொன்ன புக்கு எய்கோ கடோனோவோட 'கிகி'ஸ் டெலிவரி சர்வீஸ்' (1985), ஒரு குட்டி சூனியக்காரி கதை. இது அர்பன் ஃபேன்டஸியே இல்லன்னு அரை மணி நேரம் வாதம் ஓடுச்சு, ஒரு கத்தி கூட இல்லையேன்னு கிண்டல் வேற. அப்புறம் ரத்த கோஷ்டியிலயே ஒருத்தர் மெதுவா சொன்னாரு, 13 வயசு பொண்ணு தெரியாத ஊர்ல யாரும் இல்லாம பொழைக்கணும்ங்கறது எனக்கு வாம்பயரவிட பயமா இருந்துச்சுன்னு. அவரு வீட்லயும் அதே வயசுல பொண்ணு இருக்கு.

என் கணிப்பு, எவ்ளோ ரத்தம் ஓடுதுங்கறது விஷயமே இல்ல. புக்க மூடினதுக்கு அப்புறம் கதைல வந்த தெருவுல நடந்து போக மனசு வருமா வராதாங்கறதுதான். வரணும்னு சிலருக்கு ஆசை, வரவே கூடாதுன்னு சிலருக்கு.

தீர்மானம் ஒண்ணே ஒண்ணுதான் நிறைவேறுச்சு. குழந்தை, நாய், பூனைக்கு ஏதாவது ஆச்சுன்னா கடைசி அட்டைக்குள்ள மடிச்ச சீட்டுல எழுதி வைக்கணும், வேணும்கறவங்க பிரிச்சு பாக்கலாம். இதுவே சஸ்பென்ஸ கெடுக்குதுன்னு எதிர்த்து ஓட்டு போட்டவங்கதான் முதல் ஆளா சீட்ட பிரிச்சாங்கன்னு லைப்ரரி பொறுப்பாளர் சொல்றாங்க.

அடுத்த வருஷத்துக்கு லுக்யானென்கோவோட 'நைட் வாட்ச்', மாஸ்கோ கதை, நல்லவங்க தரப்பே வாம்பயருக்கு வேட்டை லைசென்ஸ் குடுக்குற புக்கு. சீட்டு இந்த தடவ கொஞ்சம் பெருசா இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்