பென்சில் பி-யா, பஸ் பி-யா?

அன்புள்ள தமிழ்ச்செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குப் பாதிக் காரணம் முழங்கால், மீதி சோம்பல். இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. வீட்டிலிருந்து நூலகத்துக்குப் பத்து நிமிட நடை, இப்போது இருபது நிமிடம் ஆகிறது. வழுக்கி விழாமல் போய்ச் சேர்ந்தாலே அன்றைக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. நீ அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயில் கால் பாட்டில்தான் பாக்கி. அதைச் சோற்றில் போடாமல் வெறுமனே சாப்பிடுகிறேன் என்று யாரிடமும் சொல்லாதே.

யாழினி கொரியத் தொடர் பார்த்துப் பார்த்து ஹங்குல் எழுத்தே படிக்கக் கற்றுக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்டி. அவள் கேட்ட கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். "ஒரே ஊர். பழைய புத்தகத்தில் முதல் எழுத்து பென்சில் பி, புது வரைபடத்தில் பஸ் பி. எது சரி? சித்தி அந்தப் புத்தகங்களுக்குத்தானே பட்டியல் போடுகிறார், கேட்டுச் சொல்லுங்கள்." பென்சில் பி, பஸ் பி என்று அவள் பிரித்துச் சொன்ன அழகுக்கே ஒரு முத்தம் கொடு. தமிழில் எழுதும்போது இரண்டுமே 'பி'தானே. அந்தச் சங்கடத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

அவள் சொல்கிற ஊர் பூசான். பதினெட்டு வருடமாக என் விரல் அதைப் பென்சில் பி போட்டுத்தான் தட்டச்சு செய்கிறது. விமான டிக்கெட் எடுத்தால் பஸ் பி. கொரியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுத அமெரிக்க நூலகங்கள் பின்பற்றுவது 1939-ல் வெளியான மெக்கூன்-ரைஷாவர் முறை. மெக்கூன் பியோங்யாங்கிலேயே பிறந்த மிஷனரி வீட்டுப் பிள்ளை. ரைஷாவர் டோக்கியோவில் பிறந்து, பிற்பாடு ஜப்பானுக்கு அமெரிக்கத் தூதராகப் போனவர். கொரிய அரசு 2000 ஜூலையில் வேறொரு முறையை அறிவித்தது. அதற்கு முன்னும் சும்மா இருக்கவில்லை: 1959-ல் சொந்தமாக ஒன்று, ஒலிம்பிக் நெருங்கியபோது 1984-ல் அதை விட்டுவிட்டு மெக்கூன் முறையையே கொஞ்சம் திருத்தி எடுத்துக்கொண்டார்கள், பிறகு 2000-ல் மறுபடியும் மாற்றம். ஊர்ப் பெயர்ப் பலகை எழுதுகிறவர்களுக்கு நல்ல பிழைப்பு.

சண்டை ஏன் என்று வேறு மொழிக்காரர்களுக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். உனக்கு ஒரு சொல் போதும். காகம். இரண்டு இடத்திலும் ஒரே 'க' போடுகிறோம். முதலாவது வல்லோசை, இரண்டாவது மெல்லத் தேய்ந்து வருகிறது. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து, வித்தியாசம் இருப்பதே யாராவது சொன்னால்தான் தெரியும். கொரியனும் அப்படியே. இறைச்சிக்கு அவர்கள் சொல் 'கோகி'. எழுதும்போது இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து. வாயில் முதலாவது 'கே' பக்கம், இரண்டாவது 'ஜி' பக்கம். மெக்கூனும் ரைஷாவரும் காதில் விழுந்ததை எழுதினார்கள்: முதலில் கே, நடுவில் ஜி. 2000-ன் முறை, "எங்களுக்கு ஒரே எழுத்து, உங்களுக்கும் ஒரே எழுத்தாக இருக்கட்டும்" என்று இரண்டுக்கும் ஜி போட்டுவிட்டது. ஒன்று வெளியூர்க்காரன் காதுக்கு எழுதியது, மற்றது உள்ளூர்க்காரன் கண்ணுக்கு எழுதியது. பூசான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். அங்கே 1996-ல் தொடங்கிய திரைப்பட விழா பென்சில் பி-யோடுதான் தொடங்கியது, 2011-ல் பஸ் பி-க்கு மாறியது. அதே ஊர் தேசியப் பல்கலைக்கழகம் இன்றைக்கும் பென்சிலை விடவில்லை.

பாபநாசத்தை நினைத்துப் பார். நாம் சொல்வதைக் காதால் கேட்டு எழுதினால் முதலில் பென்சில் பி, அடுத்தது பஸ் பி வர வேண்டும். ஆனால் பலகையில் இரண்டுமே பென்சில்தான். கல்லூரி நாட்களில் நாம் அருவிக்குப் போன பஸ்ஸிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நமக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

மெக்கூன் முறையில் எனக்குப் பிடித்ததும் அதன் நோயும் ஒன்றேதான்: குறிகள். சில உயிரெழுத்துகளின் தலையில் பிறை மாதிரி ஒரு வளைவு. மூச்சோடு சொல்லும் மெய்களுக்குப் பக்கத்தில் மேலே ஒரு கமா. அச்சில் பார்க்க அழகு. ஆனால் அந்தக் காலத் தட்டச்சு இயந்திரத்தில் யார் பிறை போடுவது? பத்திரிகைக்காரன் போட மாட்டான், கணினியும் வெகு நாள் தகராறு செய்தது. பிறையையும் கமாவையும் உதறிவிட்டால் ஜொன்ஜு, சொங்ஜு, சுங்ஜு என்ற மூன்று வெவ்வேறு நகரங்கள், சேர்ந்து வளர்ந்த மூன்று அக்கா தங்கைகள் மாதிரி ஆகிவிடும். சி-ஹெச்-இல் தொடங்கி ஜே-யூ-வில் முடிகிற மூன்று பெயர்கள். எது எது என்று கண்டுபிடிப்பது அவரவர் பாடு.

அதில் நானே விழுந்தவள். 2011-ல் முதல் முறையாகக் கொரியத் தலைநகருக்குப் போயிருந்தேன். ஒரு நூலகத் தோழி, ரயிலில் சின்சோன் நிலையத்துக்கு வா, வாசலில் நிற்கிறேன் என்றாள். பழக்க தோஷத்தில் மெக்கூன் முறையில் மனத்துக்குள் எழுதி, பிறையையும் கமாவையும் கழற்றிக் கைப்பையிலிருந்த சீட்டில் குறித்து வைத்தேன். இரண்டாம் தடத்தில், நகரத்துக்கு மறுபக்கத்தில், சின்சொன் என்று இன்னொரு நிலையம் இருக்கிறது. என் சீட்டில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். பலகையில் கூடுதலாக ஒரு 'ஈ' இருந்ததைப் பார்த்தேன். புது முறைக்காரர்கள் சும்மா செருகிய ஈ என்று நினைத்து இறங்கிவிட்டேன்! அவள் மேற்கே, நான் தென்கிழக்கே. நல்ல வேளை, அது வட்டமாகச் சுற்றுகிற தடம், எந்தப் பக்கம் ஏறினாலும் ஒரு நாள் போய்ச் சேரலாம். ஒரு மணி நேரம் குளிரில் நின்றவள் என்னைப் பார்த்ததும் கேட்டது, "நீ கொரியப் புத்தகங்களுக்குப் பட்டியல் போடுகிறவள்தானே?" 2016-ல் அந்த இரண்டாவது நிலையத்தின் பெயரையே ஜம்சில்சேனே என்று மாற்றிவிட்டார்கள். எனக்காக இல்லை, இருந்தாலும் மனசுக்கு நிம்மதி.

இதைவிடப் பெரிய கூத்து உண்டு. 2014-ல் தென் கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த ஐ.நா. கூட்டத்துக்குக் கென்யாவிலிருந்து கிளம்பிய ஒருவர் வட கொரியாவின் பியோங்யாங்கில் போய் இறங்கினார். விசா இல்லாமல்! சில மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 2018 குளிர்கால ஒலிம்பிக்கை அதே பியோங்சாங்கில் நடத்தியபோது பெயரின் நடுவிலுள்ள சி-யைப் பெரிய எழுத்தாக்கிவிட்டார்கள், கண்ணில் பட்டுத் தொலைக்கட்டும் என்று.

அந்தக் கூடுதல் ஈ-யின் மேல்தான் புது முறையை எதிர்ப்பவர்களுக்கு அவ்வளவு கோபம். ஈ, ஓ சேர்ந்தால் ஒரு உயிர். ஈ, யூ சேர்ந்தால் இன்னொரு உயிர். இங்கிலீஷ்காரன் வாயில் இரண்டுமே பாடாய்ப் படும். தலைநகரத்தின் பெயரையே எடுத்துக்கொள். அதில் 'ஸொ', 'உல்' என்று இரண்டே அசை. எஸ், ஈ, ஓ, யூ, எல் என்ற வரிசையை ஆங்கில வழியாகப் படித்துத்தான் நம் பத்திரிகைகள் 'சியோல்' ஆக்கின. தமிழெழுத்து கையில் இருக்கிறது, நேராகக் கேட்டு எழுதியிருக்கலாம். இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியும் அப்படித்தான். அதன் பெயர் அவர்கள் வாயில் 'ஹியொந்தெ', நம் ஊரில் ஹூண்டாய். இனிமேல் மாற்றச் சொன்னால் ஷேர் ஆட்டோக்காரன்கூட ஏறிட்டுப் பார்க்க மாட்டான்.

அந்த ஈ-யூ உயிர் நமக்கு அந்நியமே இல்லை, அதை யாழினிக்கு அவசியம் சொல். பாட்டு, காது என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, நம் குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதேதான். நம்மைப் போலவே அவர்களும் கேக் என்று நிறுத்த மாட்டார்கள். 'கெய்க்கு' என்று குற்றியலுகரம் வைத்துத்தான் முடிப்பார்கள். பஸ்ஸும் அங்கே 'பொஸு'. முதல் தடவை கேட்டபோது திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

புணர்ச்சியும் உண்டு. 'குக்' என்றால் நாடு, 'மின்' என்றால் மக்கள், சேர்த்துச் சொன்னால் 'குங்மின்', குடிமக்கள். வாக் + மயம் வாங்மயம் ஆகிற அதே கணக்கு. ஒரு வித்தியாசம், நாம் மாறியதை மாறியபடியே எழுதுகிறோம். அவர்கள் மாறாத மூலத்தை எழுதிவிட்டு வாயால் மாற்றிக்கொள்கிறார்கள். ரோமன் எழுத்தில் போடும்போது மூலத்தைப் போடுவதா, வாயில் வருவதைப் போடுவதா? இங்கே மட்டும் பழைய முறைக்கும் புது முறைக்கும் ஒரே கட்சி, வாயில் வருவதுதான். மொழியியல்காரர்களுக்கு அது பிடிக்காது. அவர்கள் யேல் என்று தனியாக ஒரு முறை வைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். அதைப் படிக்க அவர்களால்தான் முடியும்.

ஆட்களின் பெயருக்கு வந்தால் எந்த முறையும் செல்லாது. 2000-ன் விதியே, பழக்கத்தில் இருக்கிற ஆள் பெயரையும் கம்பெனிப் பெயரையும் அப்படியே விட்டுவிடலாம் என்கிறது. விடாமல் என்ன செய்வது? அங்கே ஐந்தில் ஒருவர் கிம். விதிப்படி ஜி-யில் தொடங்க வேண்டும், எல்லாரும் கே-யில்தான் எழுதுகிறார்கள். கிம்ஹே என்ற ஊரின் பெயர்ப்பலகையில் ஜி. அந்த ஊரைப் பூர்வீகமாகச் சொல்லும் கிம் குடும்பங்கள் கையெழுத்துப் போடுவது கே. (கிம்ஹே என்றதும் இந்தியாவிலிருந்து படகில் வந்ததாகச் சொல்லும் ராணி கதையை ஆரம்பிக்காதே, அது தனிக் கடிதம்.) இன்னொரு குடும்பப் பெயர் வெறும் 'இ', ஓர் உயிரெழுத்து, அவ்வளவுதான். தளபதி யி சுன்-சின், முதல் ஜனாதிபதி சிங்மன் ரீ, பின்னால் வந்த லீ மியுங்-பாக், மூவருக்கும் அதே 'இ'. வடக்கே போனால் அது 'ரி'. 'நோ' என்ற குடும்பப் பெயர்க்காரர் இருவர் ஜனாதிபதி ஆகியிருக்கிறார்கள். இருவரும் 'ரோ' என்றே எழுதிக்கொண்டார்கள். 'இல்லை ஜனாதிபதி' என்று பெயர் வைத்துக்கொண்டு எந்த மாநாட்டுக்குப் போவது, சொல். 'சின்' குடும்பத்தாரில் பலர் நடுவே ஒரு ஹெச் செருகிக்கொள்வதும் அதனால்தான், ஆங்கிலத்தில் அது பாவம் ஆகிவிடுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இதெல்லாம் எரிச்சலாக இருக்கும். ஒரே ஆசிரியரின் புத்தகங்கள் மூன்று எழுத்துக்கூட்டலில் வரும். மூன்றையும் ஒரு தலைப்பின் கீழ் கொண்டுவந்து கட்டுவதுதான் என் உத்தியோகம். இவர்கள் ஏன் ஒழுங்காக எழுதக் கூடாது என்று மேசையில் ஸ்கேலால் தட்டியிருக்கிறேன். இப்போது என் கட்சி வேறு. பலகைக்கும் வரைபடத்துக்கும் 2000-ன் முறையே இருக்கட்டும். ஈ-ஓ பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் எந்த விசைப்பலகையிலும் அடிக்கலாம், என்னை மாதிரி மக்கு மட்டும்தான் தவறான நிலையத்தில் இறங்கும். என் நூலகமும் மாறிவிட்டால் தேவலை, ஓய்வு பெறுவதற்குள் நடக்காது. ஆளின் பெயர் ஆளுக்கே சொந்தம். அதில் நானும் கை வைக்க மாட்டேன், அரசாங்கமும் வைக்கக் கூடாது. 2020-ல் நம் ஊரில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தி ஆணை போட்டார்களே, கோயம்புத்தூருக்கு எழுத்து கூடிக்கூடி ரயில் பெட்டி மாதிரி நீண்டதே, ஞாபகம் இருக்கிறதா? ஆளாளுக்குக் கேலி செய்து சில நாட்களிலேயே வாபஸ். அன்றைக்கு நீ போனில், "என் பெயருக்கும் ஓர் ஆணை போட்டால் தேவலை" என்றாய். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, பான் கார்டில் ஒன்று. நீ எந்தத் தமிழ்ச்செல்வி என்று நானே ஒரு தலைப்பின் கீழ் கட்ட வேண்டும்.

ஹங்குல் எழுத்து வரிசை அச்சிட்ட பெரிய தாள் ஒன்றும், குழந்தைகளுக்கான இரண்டு கதைப் புத்தகங்களும் யாழினிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அனுப்பலாம் என்றிருக்கிறேன். பார்சலில் அவள் பெயரை எப்படி எழுதுவது? பாஸ்போர்ட்டில் எல் போட்டு ஏதோ ஓர் அலுவலகத்தில் அடித்துக் கொடுத்தார்கள் என்று புலம்பினாளே, அந்தப்படியா, இல்லை அவள் எழுதுகிற இசட்-ஹெச் படியா? வாங்க வருகிறவள் அவள்தான், அவளையே கேட்டு எழுது. கேட்கும்போதே இன்னொரு பாட்டில் நார்த்தங்காய்க்கும் சொல்லிவை.

அன்புடன்,
மீனா