கால்பந்து சங்க ஆண்டறிக்கை: செயலாளர் படிச்சது

தலைவருக்கும், வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு பக்கத்துலேர்ந்து வந்திருக்குற அண்ணன் தம்பிங்களுக்கும் வணக்கம். கணக்கு பொருளாளர் படிப்பாரு, நான் அதுக்குள்ள போகல. மழையில கோல் வலை ரெண்டும் மக்கிப்போச்சு, அத மட்டும் இப்பவே காதுல போட்டு வைக்கிறேன்.

இந்த வருசம் உருப்படியா செஞ்சதுன்னா ஜூன் 23 கூட்டம்தான். இந்தியாவுக்கு ஃபுட்பால் ஆடின பி.கே. பானர்ஜி 1936ல பொறந்த நாள் அது. அன்னிக்கு புரொஜக்டர் மக்கர் பண்ணி, இருபது பசங்க ஒரு போன சுத்தி தலைய முட்டிக்கிட்டு பாத்தானுங்க, நானும் வாயாலேயே கதைய ஓட்டினேன்.

அவர் ஏன்னு கேட்டாங்க. காரணம் ரயில்வேதான். நம்ம ஏரியாவுல ரயில் பெட்டி செய்யிற ஐசிஎஃப் ஃபேக்டரி சுவத்த பாத்து வளந்தவனுக்கு ரயில்வே டீம்னா என்னன்னு சொல்லித் தரணுமா? மனுசன் கல்கத்தாவோட பெரிய கிளப்புங்க ஈஸ்ட் பெங்காலுக்கோ மோகன் பகானுக்கோ ஆடல, ஈஸ்டர்ன் ரயில்வே ஜெர்சியிலயே இருந்து 1958ல அந்தப் பெரிய டீமுங்கள எல்லாம் ஓரங்கட்டி கல்கத்தா லீக்க அடிச்சாங்க. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல கேப்டன், பிரான்ஸ் கூட 1-1, நம்ம கோல் இவரோடது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு ஃபைனல்ல தென்கொரியாவ 2-1ன்னு சாய்ச்சோமே, அதுல ஒண்ணு இவரு, இன்னொண்ணு ஜர்னைல் சிங்.

அப்புறம்தான் எனக்குப் பிடிச்ச பாகம். ஆடாத அந்த ரெண்டு கிளப்புக்கும் கோச்சா போனாரு. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு போட்டி ஃபைனல்ல ஈஸ்ட் பெங்கால வச்சி மோகன் பகான 5-0, ரெண்டே வருசத்துல அதே மோகன் பகானுக்கு கோச்சாகி ஈடன் கார்டன்ஸ்ல பீலே ஆடின நியூயார்க் காஸ்மாஸ் டீம் கூட 2-2. மேட்சுக்கு முன்னாடி டிரெஸ்ஸிங் ரூம்ல பேசியே ஏத்தி விடுவாராம், அதுக்கு "வோக்கல் டானிக்"னே பேரு வச்சிட்டாங்க. 1997 ஃபெடரேஷன் கப் செமிஃபைனல்ல கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல 1,31,000 பேர் முன்னாடி, எதிர்ல மோகன் பகான் கோச் அமல் தத்தாவோட டைமண்ட் ஆட்டம் (பிளேயர்ஸ வைர வடிவத்துல நிறுத்தி ஆடுறது), இவரோட ஈஸ்ட் பெங்கால் பசங்க 4-1, பைச்சுங் பூட்டியா ஹாட்ரிக்.

"இன்னாண்ணா, பேசியே கோல் போட வச்சிடுவாரா?"ன்னான் நம்ம லெஃப்ட் விங் பையன், எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அவனத்தான் போன மாசம் ஒரு செலக்‌ஷன்ல பத்து நிமிசம் கூட ஆட விடாம உக்கார வச்சி அனுப்பிட்டாங்க, பிஞ்ச ஷூவ நைலான் நூலால தச்சிக்கிட்டு போனவன். திரும்பி வந்தவன் கிரவுண்டு ஓரமா தனியா உக்காந்திருந்தான், நான் டீ வாங்கித் தந்ததோட சரி, ஒரு வார்த்த பேசல. அது என் தப்புதான்னு இந்த அறிக்கையிலயே எழுதி வைக்கிறேன்.

வேலைக்கு ட்ரயல்ஸ் நோட்டீஸ் ஏதாச்சும் வந்தா குரூப்ல போடுறேன், சர்டிபிகேட் ஜெராக்ஸ் இப்பவே எடுத்து வைங்கப்பா, கடைசி நாள்ல வந்து நிக்காதீங்க. வலைக்கு எவ்ளோ ஆகும்னு பொருளாளர் சொல்லுவாரு, அண்ணே வாங்க.