கண்டாங்கியில் கத்தரி வைக்கலாமா?

ஹட்டன்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள நெட்டைக்கு,

நான் நலம். அங்கே நீயும் மற்றவர்களும் நலம் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன், நீதான் எழுதுவதில்லையே. நானும் எட்டு மாதமாக எழுதவில்லை, ஒத்துக்கொள்கிறேன். யார் மேல் தப்பு என்று பார்க்கத் தொடங்கினால் ஆட்டுக்குட்டி விவகாரம் வரை போய் நிற்கும், விட்டுவிடு. வாட்ஸ்அப்பில் பேசலாமே என்பாய். போன தடவை நான் அரைமணி நேரம் கதைத்துக்கொண்டிருக்க, நீ குறட்டை விட்டாய். கோத்தகிரிக் குளிருக்கு நல்ல தூக்கம் வரும் போலிருக்கிறது. இதை நீ முழித்திருந்து கேட்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் ட்ரங்குப் பெட்டி நனைந்துவிட்டது.

போன மாத மழையில் கூரைத் தகரத்தில் ஆணி அடித்த இடம் ஒன்று ஒழுகியிருக்கிறது. நான் மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டேன். சொட்டு நேராகப் பெட்டி மேல். வந்து மூடியைத் தூக்கினால் ஒரு வாடை. நனைந்த கம்பளியை அடுப்படியில் காயப்போட்டால் வருமே, அதில் இரும்பும் கலந்த மாதிரி. அடியில் கிடந்ததெல்லாம் ஊறிப்போய், நான்கு மூலையிலும் துரு இறங்கி, துணிக்குத் துணி செம்மண் நிறத்தில் படம் வரைந்து வைத்திருந்தது. தலையணை உறைகள், பங்களா மேசை விரிப்பு, அம்மாயியின் லேஞ்சிகள் (உன் பேச்சில் கைக்குட்டைகள்), அப்பாயியின் கண்டாங்கிச் சேலை, எல்லாம். உட்கார்ந்து அழுவதற்கு நேரமில்லை. ஈரத்துணி மற்ற ஊரில் இரண்டு நாளில் பூசணம் பிடித்தால் நம் ஊரில் ஒரே நாளில் பிடிக்கும்.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு போத்தல் வெளுப்புத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நல்ல மனசோடுதான் தந்தாள். ஒரு தலையணை உறையில் ஊற்றினேன். கறை போகவில்லை, முன்னைவிட அழுத்தமாகப் பிடித்துக்கொண்டது. கசக்கிப் பிழிந்தபோது கறை இருந்த இடம் அப்படியே கையோடு வந்துவிட்டது. குளோரின் துருவைக் கரைக்காது, நூலைத்தான் தின்னும். முப்பது வருஷம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்துக்கொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் அது மண்டையில் ஏறவில்லை, பார்.

அப்புறம்தான் அம்மாயியின் வைத்தியம் நினைவுக்கு வந்தது. தேசிக்காய்ச் சாறு (உங்கள் எலுமிச்சை), உப்பு, கேத்தல் ஆவி. கறைமேல் உப்பைத் தூவி, சாற்றைப் பிழிந்து, அந்த இடத்தை மட்டும் கொதிக்கிற கேத்தல் வாய்க்கு மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு கறையின் ஓரம் மஞ்சளாகி, மஞ்சள் வெளிறி, நடுவில் ஒரு புள்ளி மட்டும் பிடிவாதமாக நிற்கும். அதற்கு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. முடிந்ததும் நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும், புளிப்பு தங்கினால் அதுவும் நூலை அரிக்கும். பத்து நாள் இதே வேலை. தேசிக்காய் விற்கிற விலை உனக்குத் தெரியாது. துணிக்கா ஊறுகாய் போடுகிறாய் என்று கேட்டுவிட்டு, இவர் சம்பலை உப்போடு மட்டும் சாப்பிட்டார்.

வெயில்தான் கைவிட்டுவிட்டது. அம்மாயி காலத்தில் வெள்ளைத் துணிகளைப் பங்களாப் புல்தரையில் பனியோடு விரித்துவிடுவார்கள் இல்லையா, பனியும் வெயிலும் சேர்ந்து வெளுக்கட்டும் என்று? நானும் வீட்டு முன்னால் இருக்கிற கையகலப் புல்லில் விரித்தேன். பத்து மணிக்கு எட்டிப்பார்த்த வெயில் பத்தரைக்கு மூட்டத்துக்குள் போய்விட்டது. நாய் ஒன்று வந்து மேசை விரிப்பின் மேல் படுத்துக்கொண்டது. அது ஒன்றுதான் மிச்சம்.

அந்த மேசை விரிப்பும் லேஞ்சிகளும் வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். 1975 இல் அரசாங்கம் கம்பெனித் தோட்டங்களை எடுத்தபோது மூட்டை கட்டிய துரைசாணி, இருபது வருஷம் ஆயாவாக இருந்த அம்மாயிக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. எல்லோரும் பவுன் கிடைக்கும் என்று நினைத்தார்கள். கிடைத்தது ஆறு லேஞ்சி. அதில் இப்போது மூன்றுதான் இருக்கிறது. நல்ல லினன், ஓரத்தில் விரல்கடை அகலத்துக்கு ரேந்தை (லேஸ்), மூலையில் வெள்ளை நூலாலேயே ஆங்கில எம் எழுத்து. வெள்ளைமேல் வெள்ளை என்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, பெருவிரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். உள்ளே பஞ்சு நூல் கொடுத்து மேலே நெருக்கமாகத் தைத்த தையல். துரைசாணியின் பெயருக்கான எழுத்து அது. ஆனால் அம்மாயியின் பெயர் மாரியாயி ஆயிற்றே! கடைசிவரை, "எனக்குன்னே பேரு போட்டுத் தச்ச லேஞ்சி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது பொய்யும் இல்லை. இருபது வருஷம் துவைத்து, ஈரம் காயுமுன் சிரட்டைக்கரிப் பெட்டியால் தேய்த்து மடித்தவளுக்கு இல்லாத பாத்தியதை வேறு யாருக்கு?

அவள் அவற்றை வைத்திருந்த விதத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கஞ்சி போட்ட துணியைப் பெட்டியில் வைக்கவே மாட்டாள், கஞ்சிக்குப் பூச்சி வரும். பங்குனியிலும் ஐப்பசியிலும் எல்லாவற்றையும் எடுத்து உதறி, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு இடத்தில் மடித்து வைப்பாள், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே நூல் அறுந்துபோகும் என்று. இடையிடையே வசம்புத் துண்டு. வேப்பிலைக்கு மலையில் எங்கே போவது? மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போகும்போதெல்லாம் முந்தானை நிறையப் பறித்துக்கொண்டு வருவாள். நான் என்ன செய்தேன்? நாலு அந்துருண்டையைப் போட்டு, பொலித்தீன் பையால் சுற்றி, ஐந்து வருஷம் திறந்தும் பார்க்கவில்லை. மழைத்தண்ணீர் பைக்குள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நின்றிருக்கிறது. பை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் பாதித் துணி தப்பியிருக்கும்.

லேஞ்சி லேஞ்சி என்று எழுதுகிறேனே, நீ அங்கே போய்க் கைக்குட்டை என்று சொல்லப் பழகிவிட்டாய் இல்லையா? லேஞ்சி போர்த்துக்கேயச் சொல். துவாய், அலுமாரி, மேசை, மேலே சொன்ன ரேந்தை எல்லாமே அவர்கள் விட்டுப்போனவை. கண்டி இராச்சியத்தைப் பிடிக்க அவர்களால் முடியவே இல்லை, ஆனால் அவர்களின் துணிமணிகளின் பெயர்கள் மட்டும் எப்படியோ மலையேறி நம் லயத்துக்குள் வந்துவிட்டன. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் எனக்கு அப்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

அப்புறம், நீ எனக்கு இன்னும் பத்துச் சதம் தரவேண்டும். மறந்திருக்க மாட்டாய். 1979 இல் ஹட்டன் ஸ்டேஷனில் உனக்கு நான் கொடுத்த லேஞ்சி, மனையியல் டீச்சர் "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று சொன்ன அதே சங்கிலித் தையல். லேஞ்சி சும்மா கொடுத்தால் பிரிவு வரும், காசு வாங்கிக்கொள் என்று உன் அம்மா கத்தினாள். உன்னிடம் காசு இல்லை. ரயில் எடுத்துவிட்டான். தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறுகிறவரை நீ அழுதுகொண்டே போனதாகப் பிறகு எழுதினாய். நான் அன்று அழவில்லை, உன் பத்துச் சதத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று இத்தனை வருஷம் உன்னிடம் சொன்னது பொய். சரி, விடு.

பெட்டியில் அப்பாவின் நீலக்கட்டம் போட்ட லேஞ்சியும் இருந்தது. பிரஜாவுரிமைக் காகிதங்களை அதில்தான் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். 1948 இல் போன உரிமைக்காக அவர் எத்தனை அரசாங்கக் கச்சேரி ஏறி இறங்கினார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் அதே கதைதானே, நீங்கள் இந்தியாவுக்கு எழுதிப் போட்டீர்கள், நாங்கள் இலங்கைக்கு எழுதிப் போட்டோம். முடிச்சை அவிழ்த்தேன். காகிதம் கூழாகிவிட்டது. மை கரைந்து துணியில் ஊதா நிறமாக ஊறியிருக்கிறது. இனி அந்தக் காகிதம் யாருக்கும் தேவைப்படாது, அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கிறது. ஆனாலும் அந்த ஊதாவை மட்டும் நான் துவைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு ஆறு வாரத்தில் பிரசவம். முதல் பேரப்பிள்ளை. (இதைத்தான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று திட்டாதே.) பிறந்த பிள்ளைக்குப் போட கண்டாங்கியைக் கிழித்துக் கொண்டுவருகிறேன் என்றேன். "அம்மா, பேம்பர்ஸ் வாங்கியாச்சு, அந்தத் துணியில எத்தன வருஷத்துக் கிருமியோ" என்கிறாள். சரி, கொதிக்கவைத்துத் தருகிறேன் என்றேன். உடனே மருமகன், அதை வெட்ட வேண்டாம், லேஞ்சியோடு சேர்த்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டலாம் என்கிறார். நல்ல பையன்தான். ஆனால் ஜன்னல் வெயில் பட்டால் இரண்டே வருஷத்தில் வெளிறி இற்றுப்போகும், அது ஒரு பக்கம். மற்றது, நம் அப்பாயியின் சேலையைச் சுவரில் பார்த்து வருகிறவர்கள் எல்லாம் "ஆ, கண்டாங்கியா?" என்று கேட்பார்கள். அதற்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்ததாமே, உங்கள் பக்கத்துப் பேப்பரில் வந்திருக்கும். அப்பாயி அதை இடுப்பில் கட்டிப் படங்குச் சாக்கை மேலே இறுக்கி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன சேலை.

பிறக்கிற பிள்ளைக்குப் பழந்துணி, போகிற உசிருக்குக் கோடித்துணி, நடுவில் கட்டுவதெல்லாம் தீபாவளி அட்வான்ஸ் என்று அப்பாயி சொல்வாளே. பழசு என்றால் வெறும் பழசு இல்லை, ஆண்டு அனுபவித்த ஒரு மனுசியின் உடம்பில் கிடந்து மெதுவான துணி. புதுத்துணியின் விறைப்பு பச்சை உடம்புக்கு ஆகாது, நனைந்தால் உறிஞ்சவும் செய்யாது. அந்தக் கண்டாங்கியை இப்போது தொட்டுப் பார்த்தால் பூனைக்குட்டி வயிறு மாதிரி இருக்கிறது. அரக்குச் சிவப்பு, செங்கல் நிறத்துக்கு இறங்கிவிட்டது. மஞ்சள் கட்டம் மட்டும் இன்னும் தெரிகிறது. என் அண்ணன், நான், என் தங்கச்சி, எல்லோரும் அதில் தொட்டிலாடியவர்கள்.

உன் தம்பியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

74 பஞ்சம். பாண் ரொட்டிக்கு விடியச்சாமத்தில் வரிசையில் நின்ற காலம். உன் அம்மா இருந்த நல்ல சேலைகளை விற்றுத்தான் உங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கினாள். தம்பி பிறந்தபோது உங்கள் லயத்துக் காம்பரா அறையில் தொட்டில் கட்டத் துணி இல்லை, அப்பாயி இதைத் தூக்கிக்கொடுத்தாள். அவன் உதைத்த உதையில் கிழிந்தும் போனது. திருப்பித் தரும்போது அத்தை, உன் அம்மாதான், அதில் ஒட்டுப் போட்டிருந்தாள். இன்றைக்கு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நீலத் துணி, நாலு விரல் சதுரம். சிவப்பு நூல் கிடைக்கவில்லையாக்கும், கறுப்பு நூல். சின்னச் சின்னத் தையல், ஒன்றுகூடப் பிசகவில்லை. சுற்றி இருக்கிற கண்டாங்கி நைந்து சல்லடையாகிவிட்டது, அந்த ஒட்டு மட்டும் தைத்த நாள் மாதிரி இருக்கிறது. அத்தை கைபட்டது அவள் போன பிறகு உன்னிடம் என்ன இருக்கிறது, ஒரு தோட்டுப் பெட்டிதானே?

நான் நினைத்திருப்பது இதுதான். நடுப்பகுதியில் நல்ல துண்டாக நாலு எடுத்து, கொதிக்கவைத்து, பேம்பர்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் முதல் நாள் பிள்ளையை அதில்தான் வாங்குவேன். மகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒட்டு உள்ள மூலையைக் கரையோடு சேர்த்து வெட்டி உனக்கு அனுப்புகிறேன். ஆனால் ஒட்டைப் பிரித்துவிட்டால் சேலை சேலையாக இருக்காது, அதுவும் தெரிகிறது. முழுசாக வைத்துப் பூச்சிக்குக் கொடுப்பதா, வெட்டிப் பிள்ளைக்கும் உனக்கும் கொடுப்பதா? இதில் பாதி உன் வீட்டுச் சொத்து, உன்னைக் கேட்காமல் கத்தரி வைக்க எனக்குக் கை வரவில்லை. தம்பியையும் ஒரு வார்த்தை கேள், அவன் சிரிப்பான், பரவாயில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம், உன் பதில் வர இரண்டு வாரம், நீ சோம்பல்படுகிற ஒரு வாரத்தையும் சேர்த்துக்கொள். அதற்குள் எழுத முடியாவிட்டால் மிஸ்டு கோல் போடு. ஒன்று என்றால் வெட்டு, இரண்டு என்றால் விடு. தூக்கத்தில் கை பட்டு மூன்று அடித்துவிடாதே.

வரும்போது பத்துச் சதத்தை மறக்காதே. வட்டி வேண்டாம்.

உன்
குட்டச்சி