ப்ராஜெக்ட் டைட்டில் கொடுக்கும் முன் எங்கள் கடைக்கு வாருங்கள்

சேலம் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைப் பேராசிரியர்களுக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும்,

வணக்கம். அம்மாபேட்டையில் ஜெராக்ஸும் ப்ரவுசிங்கும் சேர்த்துக் கடை நடத்துகிறேன். உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் பல இங்கேதான் பிரிண்ட் ஆகி, பைண்டிங் ஆகிப் போகின்றன. மெஷின் ஓடும்போது புரட்டிப் பார்ப்பேன். ‘எக்ஸிஸ்டிங் சிஸ்டம்’, ‘ப்ரொபோஸ்டு சிஸ்டம்’, கடைசியில் ஒரு ‘யூசர் சர்வே’. ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் போட்டு, “இந்த ஆப் பயனுள்ளதா?” என்று கேட்டு வாங்கிய பதில்கள். கூடப் படிக்கிறவன் இல்லையென்றா சொல்வான்?

அதே நேரத்தில் பக்கத்து மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். தறி ஓட்டும் பெரியவர் ஒருவர், ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருகிறார். ‘லாஸ்ட் நேம்’ எதிரே சிவப்பு நட்சத்திரம். நம்மூரில் யாருக்கு லாஸ்ட் நேம் இருக்கிறது? இனிஷியலைப் போட்டால் எழுத்து போதாது என்கிறது; அப்பா பெயரை முழுசாகப் போட்டால் ஆதாரோடு பொருந்தவில்லை என்கிறது. பிறந்த தேதிக்குக் காலண்டர் திறக்கிறது. 1961-க்குப் போக மாதம் மாதமாக அம்புக்குறியை அமுக்க வேண்டும். போட்டோவை 50 கேபிக்குள் சுருக்கி ஏற்றி, ஒருவழியாக ஓடிபிக்கு வருகிறோம். பதிந்திருக்கும் நம்பரோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனுடையது. ஷிப்டில் இருப்பவன் போனை எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மறுபடி அனுப்பினால் ஃபார்மே காலியாகி முதலிலிருந்து நிற்கிறது. பெரியவர் மெதுவாகக் கேட்கிறார்: “ஏங்கண்ணு, நான் எதாச்சும் தப்பா அமுத்திட்டனா?” கீபோர்டைத் தொட்டதே நான்தான். அவர் கை மடியில் இருந்தது.

இப்படி மனிதர்கள் பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொள்வதையும், பிழை பெரும்பாலும் வடிவமைப்பில்தான் இருக்கிறது என்பதையும் பொருட்களின் வடிவமைப்பை ஆராய்ந்த டொனால்ட் நார்மன் 1988-லேயே எழுதிவிட்டார். அதற்கும் முன்னால், 1985-ல், ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆய்வாளர்களாக இருந்த கூல்டும் லூயிஸும் சொன்னது இன்னும் எளிது: பயன்படுத்தப் போகிறவர்களைத் தொடக்கத்திலேயே போய்ப் பாருங்கள், அவர்கள் கையில் கொடுத்து அளந்து பாருங்கள், திருத்தித் திரும்பக் கொடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. உங்களிடம் அறிவு இல்லையென்று சொல்லவில்லை. ப்ராஜெக்டைக் கல்லூரி கட்டம் கட்டமாகப் பார்க்கும் ரிவ்யூ அட்டவணையில் இதற்கு இடமே இல்லை. முதல் ரிவ்யூவுக்கே பேஸ் பேப்பரும் (ஆதாரமாக எடுக்கும் ஆய்வுக் கட்டுரை) மாட்யூலும் (ப்ரோகிராமின் பகுதிகள்) கேட்டால் பையன் எங்கே போய் யாரைப் பார்ப்பான்?

ஜெராக்ஸ் கடைக்காரன் என்பதால் எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. 1980-களில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லூசி சக்மன் என்ற மானிடவியலாளர், நகலெடுக்கும் மெஷின் முன்னால் இரண்டு இரண்டு பேராக நிறுத்திப் படம் பிடித்தார். ஜோடியாக இருந்தால் வாய்விட்டுப் பேசிக்கொள்வார்கள்; எந்த இடத்தில் குழம்புகிறார்கள் என்பது தானாக வெளியே வரும். பெரிய கணினி விஞ்ஞானிகளே அந்த மெஷினிடம் திணறினார்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஜோடிதான்: பாட்டியும் பேத்தியும், அண்ணனும் தங்கையும். நீங்கள் எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால் போதும்.

எத்தனை பேரைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். ஒரு திரையில் இருக்கும் சிக்கல்களைக் கண்டுபிடிக்க ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்ற ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளரின் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஐந்தும் ஒரே வகுப்பு நண்பர்களாக இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. ஆட்கள் வகைவகையாக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் சிலரைப் பார்க்கத்தான் சொல்கிறார். இங்கே வகைக்கா பஞ்சம்? செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்கு ராவி ராவி விரல் காய்த்துப்போனவருக்கு டச் ஸ்கிரீன் ஒரு தட்டில் கேட்பதில்லை. ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கமிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவருக்கு, “பிறகு முயலவும்” என்று திரை சொன்னால் அது ஒரு நாள் கூலி. படிக்கத் தெரியாதவருக்குப் படம் போட்டுவிடலாம் என்பீர்கள். பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இந்திராணி மேதி வீட்டு வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து பார்த்தபோது, எழுத்தை எடுத்துவிட்டுப் படம் வைப்பது மட்டும் போதவில்லை. இந்த மெஷினால் தனக்கு என்ன ஆகும் என்பதையே வீடியோவில் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு கண்டிஷன். திரையை போட்டோ எடுக்கக் கூடாது. ஆதார் நம்பர், பேங்க் பாஸ்புக் எல்லாம் மேசைமேல் கிடக்கும். பேப்பரும் பேனாவும் கொண்டு வாருங்கள். உட்காரும் முன் அவரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் எழுந்துவிடுங்கள். குறுக்கே புகுந்து சொல்லிக்கொடுக்காதீர்கள். அதுதான் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

பேராசிரியர்களிடம் கேட்பது இதுதான்: முதல் ரிவ்யூவில் ப்ரோகிராம் கோடு கேட்காதீர்கள், யாரைப் பார்த்தீர்கள், எங்கே நின்றுபோனார்கள் என்று கேளுங்கள். அதற்கு மார்க் போடுங்கள்.

அட்மிஷன் நேரமான மே, ஜூனில் மட்டும் வேண்டாம், நிற்கவே இடம் இருக்காது. மற்ற மாதங்களில் காலை பத்தரைக்கு மேல் எப்போதும் வரலாம். ஒரு தடவைக்கு இரண்டு பேர். ஸ்டூல் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மாபேட்டை ஜெராக்ஸ் கடைக்காரன்