பேரனை வண்டலூருக்கு அனுப்பு, கமலா

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார், அதுவும் வாய்விட்டு. ராஜியின் மருமகள் விஷயத்தை போனில் பேசிக்கொள்வோம். கடுதாசியில் எழுதினால் அது எப்படியும் அவள் கைக்குப் போய்ச் சேரும், மாம்பலம் கதை உனக்கு மறந்திருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்கள், நான் பேரனை அனுப்பப் போவதில்லை, வாயில்லா ஜீவனை அடைத்து வைத்து வேடிக்கை பார்ப்பது பாவம் என்று எழுதியிருக்கிறாய். படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுத வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் என் தம்பி மகள் நித்யா (வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள்) வண்டலூருக்குக் கிளம்பினாள், நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டேன். இப்போது சொல்ல நிறைய இருக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்.

நீ மனதில் வைத்துப் பேசுவது மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நாம் பார்த்த பழைய மிருகக்காட்சி சாலையைத்தான்டீ. இரும்புக் கம்பி, சிமெண்டுத் தரை, மூத்திர நாற்றம். அந்தப் புலி கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்து, அதே இடத்தில் திரும்பி, அதே தடத்தில் வந்துகொண்டே இருந்தது. நீ என் கையை இழுத்து, "அதுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, வா போலாம்" என்றாய். பத்து வயசில் நீ சொன்னது சரிதான். 2003இல் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வகை ஊனுண்ணிகளைப் பற்றிய விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். காட்டில் எந்த மிருகம் அதிகப் பரப்பில் சுற்றித் திரியுமோ, அது அடைபட்டால் இப்படி ஓயாமல் நடப்பதும் அதிகம், அதன் குட்டிகள் சாவதும் அதிகம் என்று கண்டார்கள். பனிக்கரடிதான் அதில் மிக மோசம். இதை நித்யா சொன்னபோது உன் ஞாபகம்தான் வந்தது.

அந்த இடம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமா? நம்ம செத்த காலேஜில்தான் (அருங்காட்சியகத்தை அப்படித்தானே சொல்வோம்) உயிர்க் காலேஜே, அதாவது மிருகக்காட்சி சாலையே, பிறந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்துக்கார டாக்டர், பாடம் செய்த மிருகங்களைவிட உயிரோடு இருப்பவற்றைப் பார்க்கத்தான் ஜனங்கள் கூடுகிறார்கள் என்று கவனித்தார். கர்நாடக நவாப்பிடம் பேசி, அவர் வளர்த்துவந்த மிருகங்களை அப்படியே அருங்காட்சியகத்துக்குக் கேட்டு வாங்கிவிட்டார். இது 1855இல். அடுத்த வருஷமே 300க்கும் மேல் சேர்ந்துவிட்டன. பாந்தியன் சாலையில், கண்ணாடிப் பெட்டிகளுக்கும் கற்சிலைகளுக்கும் நடுவே இத்தனை உயிர்களை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? 1861இல் நகராட்சி பொறுப்பேற்று, சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவின் மிகப் பழைய பொது உயிர்க்காட்சிச் சாலைகளில் ஒன்று நம் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்திருக்கிறது. நமக்கு ஒரு டீச்சரும் சொல்லித் தரவில்லையே, சுலோச்சனா டீச்சர் உட்பட!

ஆனால் பூங்காவை ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக எழும்ப, மிருகங்கள் ஒரு மூலைக்கு ஒதுங்கின. ஒரு பக்கம் ரயில் சத்தம், இன்னொரு பக்கம் பஸ் புகை. கடைசியில் 1979இல் வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கினார்கள். அப்போது அது வெறும் புதர்க்காடு, மரம் நட்டுத்தான் நிழல் உண்டாக்க வேண்டியிருந்தது. 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். அதே வருஷம் மே 30ஆம் தேதிதான் மூர் மார்க்கெட் எரிந்தது. நாம் பாதி விலைக்குப் பாடப்புத்தகம் வாங்கிய கடைகளும் பக்கத்தில் நாம் பார்த்த கூண்டுகளும் அடுத்தடுத்துப் போய்விட்டன. அந்த வருஷம் நீ கல்யாணமாகி விழுப்புரத்தில் இருந்தாய், இரண்டையும் பார்க்காமல் தப்பித்தாய்.

இப்போது வண்டலூர் 602 ஹெக்டேர். சிங்கத்துக்கும் புலிக்கும் நமக்கும் நடுவில் கம்பி இல்லை, அகழி இருக்கிறது. பார்க்கிறவன் கண்ணுக்கு மிருகம் வெட்டவெளியில் நிற்கிற மாதிரி தெரியும். இந்த முறையை உலகத்துக்குக் காட்டியது ஜெர்மனியில் ஹாம்பர்க் ஊர்க்காரர் கார்ல் ஹாகன்பெக், 1907இல். அவரைப் பாராட்டி எழுத எனக்குக் கை வரவில்லை, கமலா. மிருக வியாபாரியான அதே மனுஷர்தான் அதற்கு முன்பே வெளிநாட்டு மனிதர்களைக் குடும்பத்தோடு கூட்டிவந்து, டிக்கெட் போட்டுக் காட்சிக்கு வைத்தார். அடைத்து வைத்துப் பார்க்கும் ஆசை எங்கேவரை போகும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல? உன் "பாவம்" என்ற வார்த்தையை நான் தள்ளிவிடவில்லை என்று உனக்குத் தெரியத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நான் அதிக நேரம் நின்றது சோலைமந்தியிடம். சிங்கவால் குரங்கு என்று போர்டில் போட்டிருப்பார்கள். கரேலென்ற முகம், அதைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். ஒரு தாய் குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு ஒரு பழத்துண்டை எடுத்தது. வாயில் போடவில்லை. முதலில் முகர்ந்து பார்த்தது, விரலால் தோலை ஓரமாக உரித்தது, உள்ளே ஏதாவது பூச்சி இருக்கிறதா என்று ஒரு துளைக்குள் நகத்தை விட்டுப் பார்த்தது, அப்புறம்தான் கடித்தது. குட்டி அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் இந்தக் குரங்கு கிடையாதாம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகம், அவ்வளவுதான். மரத்தை விட்டு இறங்காமலே வாழக்கூடிய ஜாதி இது. வால்பாறையில் காட்டை வெட்டித் தேயிலை போட்டதால், புதுத்தோட்டம் பக்கம் அது தார்ரோட்டில் இறங்கி நடக்கிறது, வண்டியில் அடிபடுகிறது. மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வண்டலூரில் இதை இனப்பெருக்கம் செய்து காப்பாற்றும் வேலை நடக்கிறது. நாளைக்கு வால்பாறையில் ஏதாவது நோய் வந்து மொத்தமும் போனால்? இந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது, நான் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

அங்கே என்னோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்கிறாய்? ஒரு தகப்பனும் தோளில் ஒரு குழந்தையும். மொத்தக் கூட்டமும் வெள்ளைப் புலி முன்னால்! இது என் பெரிய மனக்குறை. வெள்ளைப் புலி தனி இனமே கிடையாது. நம்ம வங்கப் புலிதான், நிறத்தில் ஒரு மரபுக் கோளாறு. 1951இல் ரீவா மகாராஜா பிடித்த மோகன் என்ற குட்டியிலிருந்து இன்று கூண்டுகளில் இருக்கிற வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை வந்திருக்கின்றன. முதலில் மோகனைச் சாதாரண நிறப் பெண்புலியோடு சேர்த்தார்கள், வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. பிறகு அதன் மகளோடேயே சேர்த்து, 1958இல் வெள்ளைக் குட்டிகளைப் பெற்றார்கள். அதற்குப் பிறகும் உறவுக்குள்ளேயே சேர்க்கை. மாறுகண் முதல் பல கோளாறுகள் இதனால் வருகின்றன. காட்டில் புலியைக் காப்பாற்ற இந்த நிறத்தால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. ஜனங்கள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்பதற்காக இன்னும் எவ்வளவு காலம் வைத்திருப்பது? இருப்பவை ஆயுசு முடியும்வரை நன்றாக இருக்கட்டும். புதிதாகப் பெருக்க வேண்டாம் என்பது என் கட்சி. நித்யா சிரித்துக்கொண்டே, "அத்தை, இதை அந்த அறிவிப்பு மைக்கில் சொல்லுங்க" என்றாள். கொடுத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

கூட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புலி படுத்திருந்தது. ஒரு வாலிபன் கைதட்டி, விசில் அடித்து, அது எழுந்திருக்கவில்லை என்றதும் தண்ணீர் பாட்டிலை ஓங்கினான். பக்கத்தில் அவன் பிள்ளை. நான் போய்க் கையைப் பிடித்தேன். "உன் வீட்டில் நீ படுத்திருக்கும்போது நான் ஜன்னலில் நின்று விசிலடித்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அவன் முறைத்தான், ஆனால் பாட்டில் கீழே இறங்கியது. காவலர்கள் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்கள்?

இனி எழுதப் போவது சிங்கங்களைப் பற்றி. நான் இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம். 2021இல் கொரோனா இரண்டாம் அலை, ஊரடங்கு. பூங்கா மூடியிருந்தது, உள்ளே ஒரு பார்வையாளர் இல்லை. மே கடைசியில் சிங்கங்கள் சரியாகச் சாப்பிடாமல் இருமத் தொடங்கின. பதினொரு சிங்கங்களின் மாதிரியைப் போபாலில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதில் ஒன்பதுக்குத் தொற்று. ஜூன் 3 அன்று நீலா செத்தது, ஒன்பது வயசுப் பெண் சிங்கம். ஜூன் 16 அன்று பத்மநாதன், பன்னிரண்டு வயசு. நான்கு மாதிரிகளின் மரபணுவைப் படித்ததில் எல்லாம் டெல்டா வகை, அந்த மாதங்களில் நம் வீடுகளில் ஆளை அள்ளிக்கொண்டு போன அதே வகை. உன் அண்ணன் போனதும் அந்த மாதங்களில்தானே. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது எனக்கு உன் வீடும் அந்தச் சிங்கங்களும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அன்றே உனக்கு எழுத நினைத்தேன், உன் துக்கத்துக்கு நடுவில் சிங்கத்தைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

அடைத்து வைத்தால் இப்படித்தான் ஆகும், நான் சொன்னேனே என்பாய். சரி, திறந்து விடுவதா? எங்கே? அங்கேயே பிறந்து, அங்கேயே இரவுக் கொட்டகையில் கறி வாங்கித் தின்ற மிருகத்துக்கு எந்தக் காடு இருக்கிறது? அவற்றுக்கு இருப்பது அந்தக் கீப்பர்கள்தான். காலையில் கொட்டகையைக் கழுவும்போதே எது மிச்சம் வைத்திருக்கிறது, எதன் சாணம் இளகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறவர்கள் அவர்கள். வாயில்லா ஜீவன் என்றாயே, அதற்காக டாக்டரிடம் பேசும் வாய் அவர்கள்தான். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து பூங்கா மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோதும் உள்ளே மிருகங்களுக்கு வேளாவேளைக்கு இரை போயிருக்கிறது. நீயும் நானும் பாவம் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடலாம். அவர்கள் மறுநாள் காலையிலும் போக வேண்டும். ஜனங்கள் வராமல் போனால் அந்த இரைக்கும் வைத்தியத்துக்கும் யார் குரல் கொடுப்பார்கள்?

எனக்குப் புதிதாக ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்தபிறகு அந்தச் சாலையில் வண்டிகளின் ஓட்டம் ஓய்வதே இல்லை. சென்ட்ரல் பக்கம் நடந்தது அங்கேயும் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இத்தனைக்கும் உள்ளே ஓட்டேரி ஏரியில் நாரையும் நீர்க்காகமும் கூண்டு இல்லாமல், டிக்கெட் இல்லாமல் தாமாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே பேரனை அனுப்பு. முதலில் சோலைமந்தி, அப்புறம் காட்டுமாடு, அப்புறம் ஏரி என்று சொல்லி அனுப்பு. வெள்ளைப் புலியைப் பார்க்காதே என்று சொல்லாதே, மோகன் கதையைச் சொல்லி அனுப்பு, அவனே பார்த்து முடிவு செய்யட்டும். கத்தக் கூடாது, எதையும் போடக் கூடாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, பள்ளிக்கூடத்தில் தேதியைச் சரியாகப் பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள். எந்த மிருகத்திடம் அதிக நேரம் நின்றான் என்று அவன் கைப்பட எனக்கு எழுதட்டும்.

நீயும் கூட வந்தால் வண்டலூர் ஸ்டேஷனில் நான் காத்திருப்பேன். முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதே, உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறது. நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்து வா, போன தடவை ராஜிக்குக் கொடுத்துவிட்டு எனக்கு இல்லை என்றாய்.

அன்புடன்,
மீனா