‘லை’, ‘லே’ குழப்பம் தீர வழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘லை’, ‘லே’ என்ற இரு வினைகளைக் கற்றவர்களும் குழப்பிக்கொள்கிறார்கள். நம் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்கத் தமிழிலக்கணமே போதும். தன்வினை, பிறவினை என்று ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். கிட என்பது ‘லை’; கிடத்து என்பது ‘லே’. எழு என்பது ‘ரைஸ்’. எழுப்பு என்பது ‘ரெய்ஸ்’. விழு என்றால் ‘ஃபால்’. மரத்தை வெட்டி வீழ்த்து என்றால் ‘ஃபெல்’.

சிக்கல் இறந்தகாலத்தில்தான். ‘லை’ இறந்தகாலத்தில் ‘லே’ ஆகிவிடுகிறது. அதாவது கிடத்து என்பதன் நிகழ்கால வடிவமேதான். அதனால் “நேற்று படுத்தேன்” என்பதற்கு ‘ஐ லெய்டு டவுன்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஐ லே டவுன்’ என்பதே சரி. ‘ஹேவ்’ வந்தால் ‘லெய்ன்’. கிடத்து என்ற பொருளில் இரண்டு இடத்திலும் ‘லெய்டு’. இதை எல், ஏ, ஐ, டி என்றே எழுத வேண்டும். ஒய் போட்டு ‘இடி’ சேர்ப்பது பிழை. பொய் சொல்லும் ‘லை’ வேறு. அதற்கு இரண்டிலும் ‘லைடு’.

வினையிடம் “எதை?” என்று கேட்கச் சொல்லுங்கள். விடை கிடைத்தால் ‘லே’, ‘ரெய்ஸ்’. கிடைக்காவிட்டால் ‘லை’, ‘ரைஸ்’. விலை தானாக ஏறியிருந்தால் ‘ப்ரைசஸ் ஹேவ் ரிஸன்’. ‘ஹேவ் ரோஸ்’, ‘ஹேவ் ரெய்ஸ்டு’ இரண்டுமே தவறு. கடைக்காரர் விலையை ஏற்றினால் மட்டுமே ‘ரெய்ஸ்டு’.

மூன்று வடிவங்களை வெறும் பட்டியலாக ஒப்பிக்கவைப்பதால் பயனில்லை. தங்கள் மாணவர் பக்கத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு முழு வாக்கியம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்